ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை

கனுவான் தீவில் நங்கூரம் எடுத்து வீட்டுக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். படகின் அடியில் இருந்த பம்ப் தானாக ஓடியது. பதினைந்து விநாடி ஓடிவிட்டு நின்றது. நான் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிடம் கழித்து மறுபடியும் ஓடியது. அடுத்த ஆறாவது நிமிடத்தில் மறுபடியும்.

பாய்ப்படகு என்றால் அடியில் கொஞ்சம் தண்ணீர் சேரத்தான் செய்யும். அதற்காகவே தரைப்பலகைக்குக் கீழே, படகின் ஆகத் தாழ்ந்த இடமான அடிக்குழியில் ஒரு பம்ப் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை உயரும், பம்ப் ஓடும், தண்ணீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் படகின் இடது பக்கத் துளைக்குப் போய்க் கடலில் விழும். மிதவை இறங்கினால் பம்ப் நின்றுவிடும். எங்கள் 'ஹெஸ்டர்' நல்ல படகு. அதில் இந்தப் பம்ப் வாரத்துக்கு நாலைந்து முறை ஓடினாலே அதிகம்.

ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் கடல் உள்ளே வருகிறது. எந்த வழியாக என்பதுதான் தெரியவில்லை.

"கர்லன்! பம்ப் சத்தம் கேக்குதா?" என்று கீழே குரல் கொடுத்தேன்.

கர்லன் என் கணவன். அவனுக்கு நான் வெனோ, ஹெஸ்டரில் கேப்டன். அவன் சமையல்காரன், பாய் கட்டுபவன், விருந்தாளிகளைச் சிரிக்க வைப்பவன். கையில் மாவோடு படிக்கட்டில் தலையை நீட்டினான்.

"கேக்குது. ஐஸ் பெட்டித் தண்ணி, வெனோ. சிங்கி இறாலுக்கு ஐஸ் போட்டு வச்சிருக்கேன்ல, அது உருகி வடியுது. காலைல ஒரு தடவை ஓடுச்சே, அப்பவே நக்கிப் பாத்தேன். நல்ல தண்ணிதான்."

"ஆறு நிமிஷத்துக்கு ஒரு வாளி ஐஸ் உருகுச்சுன்னா உன் இறால் இந்நேரம் வெந்திருக்கும். இப்ப நக்கிப் பாரு."

தரைப்பலகையைத் தூக்கும் சத்தம் கேட்டது. மேலே வந்தபோது அவன் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"உப்பு," என்றான்.

பின்னிருக்கையில் தீவுகளைச் சுற்றிப் பார்க்க வந்த எங்கள் விருந்தாளிகள் இருவர். மிஸ்டர் லோர்ன், ஹாலிஃபாக்ஸ் நகரில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று மாதத்துக்கு முன்புதான் இடுப்பு எலும்பு மாற்றியிருந்தார்கள். படகுத்துறையில் இருந்து ஹெஸ்டரில் ஏற்றவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அவர் மனைவி மிஸ் எடித் (எங்கள் ஊரில் கல்யாணமானவர்களையும் மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம்), கேள்வி கேட்கவே பிறந்தவர்.

"எது உப்பு கர்லன்? ரொட்டியா?"

"ரொட்டிதான் மிஸ் எடித். மன்னிச்சுருங்க, இன்னொரு தடவை மாவு பிசையணும்," என்று பொய் சொன்னான்.

சக்கரத்தை அவனிடம் கொடுத்துவிட்டு நான் இறங்கினேன். தண்ணீர் உள்ளே வரக்கூடிய இடங்கள் ஒரு படகில் எண்ணிச் சொல்லக்கூடியவை. பயந்தால் வரிசை மறந்துவிடும் என்பதால் பின்பக்கத்தில் இருந்து முன்பக்கம் வரை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். படகைத் தள்ளும் சுழல்விசிறியின் தண்டு வெளியே போகும் இடம்: காய்ந்திருந்தது. இன்ஜின் குளிர்நீர் வால்வு: காய்ந்திருந்தது. கழிவறை, சமையல் தொட்டி, முன்னறை ஜன்னல், நங்கூரச் சங்கிலிப் பெட்டி எல்லாம் விரலில் ஈரம் ஒட்டாமல் இருந்தன. ஆனாலும் அடிக்குழியில் என் கண்ணெதிரே தண்ணீர் ஏறியது. ஒரு ஓட்டமும் தெரியவில்லை, சலசலப்பும் இல்லை. அடியில் இருந்து ஊறுவதுபோல மெதுவாக மேலே வந்தது.

கீழே ஊறுகிறது என்றதும் இந்தப் பயணத்தில் போய்வந்த மேரோ தீவு நினைவுக்கு வந்தது. அங்கே விரிகுடாவுக்குள் நுழையும்போது மிஸ் எடித் ஆமையைக் காட்டிக் கூச்சல் போட, நான் ஒரு கணம் திரும்பிப் பார்க்க, ஹெஸ்டரின் அடி எதிலோ தட்டியது. மெத்தென்ற தட்டல். மணல் என்று சொல்லிக்கொண்டேன். மணலா கல்லா என்று இறங்கிப் பார்க்கவில்லை.

படகின் வயிற்றுக்குக் கீழே நாலு டன் ஈயம் ஒரு சுறாத் துடுப்புபோல இறங்கியிருக்கும். காற்று பாயைச் சாய்க்க, அந்த ஈயம் படகை நிமிர்த்துகிறது. நாங்கள் அதை அடிப்பாரம் என்போம். அதைப் படகோடு சேர்த்துப் பிடித்திருப்பவை பதினோரு போல்ட்டுகள்; அவற்றின் தலைகள் அந்த அடிக்குழியில்தான் இருக்கின்றன, இப்போது தண்ணீருக்கு அடியில். போல்ட் தளர்ந்தால் முதலில் ஊறும். பிறகு ஒரு பெரிய அலையில் ஈயம் கழன்று விழும். அப்புறம் பம்ப் எதற்கு, வாளி எதற்கு? தோசையைத் திருப்பிப் போடுவதுபோலப் படகு கவிழ்ந்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு எழுந்து நிற்கவும் நேரம் இருக்காது.

மேலே வந்து அவன் காதில் மட்டும் விழும்படி சொன்னேன். "எல்லாம் காஞ்சிருக்கு. கீழேருந்து ஊறுது. மேரோல தட்டுச்சே..."

"அது மணல்."

"நீ முங்கிப் பாத்தியா?"

கர்லனின் அப்பனும் பாட்டனும் எங்கள் தீவான பெக்குவேயின் திறந்த படகுகளில் கடலோடியவர்கள். மேல்தளம் இல்லாத, இரு முனையும் கூரான படகுகள் அவை. அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. படகு ஒழுக ஆரம்பித்தால் நின்று தேடமாட்டார்கள். பாயை இறுக்கிக் கட்டி, படகைச் சாய்த்து, கரையை நோக்கி விரட்டுவார்கள். ஒருவன் ஓட்டுவான், மற்றவர்கள் சுரைக்குடுக்கையால் இறைப்பார்கள். தண்ணீர் ஏறுமுன் மணலில் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

"இழுத்து விரட்டுவோம் வெனோ. இன்னும் பதினாலு மைல். ரெண்டு மணி நேரத்துல அட்மிரல்டி பே, நம்ம துறை."

"அடிப்பாரம் ஆடுதுன்னா இழுக்கறது தப்பு."

"அடிப்பாரம் ஆடுதுன்னா இங்க நிக்கறது அதைவிடத் தப்பு. என் அப்பா பாதிப் பலகைதான் மிச்சம் இருந்த படகையே இப்படி விரட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கார்."

"மீதிப் பாதி எங்கன்னு அவரைக் கேட்டியா?"

ஆனாலும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. வடக்கே போகும்போது காற்று எங்கள் வலது பக்கம் இருந்து வரும். படகு இடது பக்கம் சாயும். பாய்க்கயிற்றை இறுக்கினோம். ஹெஸ்டர் இன்னும் சாய்ந்தது. இடது பக்க விளிம்பு நுரையை வாரிக்கொண்டு ஓடியது. வேகம் ஏறியதில் மனசு கொஞ்சம் அடங்கியது.

அடுத்த முறை பம்ப் ஓடியபோது நாலு நிமிடம்தான் ஆகியிருந்தது. அதற்கடுத்து இரண்டரை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம். பிறகு அரை நிமிடத்துக்கு ஒருமுறை. கடைசியில் அது நிற்கவே இல்லை; சத்தம் மெலிந்து, கருகிய வாடை வந்து, அடங்கிப்போனது.

"எதோ எரியுதே," என்றார் மிஸ்டர் லோர்ன். அன்று காலையில் அவர் பேசிய முதல் வார்த்தை. முப்பது வருடம் வண்டி ஓட்டியவருக்கு மோட்டார் வாடை தெரியாதா?

இனி பொய் சொல்லிப் பயனில்லை. "படகுல தண்ணி வருது. பம்ப் எரிஞ்சுபோச்சு. கைப்பம்ப் இருக்கு, கர்லன் அடிப்பான். நீங்க ரெண்டு பேரும் உக்காந்த இடத்தை விட்டு அசையாதீங்க."

கைப்பம்ப் என்பது இருக்கைக்கு அடியில் இருக்கும் ஒரு நெம்புகோல். அதற்குத் தனிக் குழாய், தனித் துளை, பின்பக்கத்தில் உயரத்தில். ஒரு அடிக்கு முக்கால் லிட்டர் போகும். கர்லன் சட்டையைக் கழற்றிவிட்டு நிமிடத்துக்கு முப்பது அடி அடித்தான். கதவு வழியாகப் பார்த்தேன். சமையலறைத் தரையின் இடது ஓரத்தில் தண்ணீர் பளபளத்தது.

"கேப்டன்," என்று எட்டிப் பார்த்துச் சொன்னார் மிஸ் எடித், "என் செருப்பு தனியா நடந்து போகுது."

யாரும் சிரிக்கவில்லை. அவரே கூட.

சக்கரம் திரும்பாமல் கயிற்றால் கட்டிவிட்டு ரேடியோவில் அழைத்தேன். கடலோரக் காவல் படகு வர ஒரு மணி இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். உயிர்காப்பு மிதவை தயாராக இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. கயிற்றை இழுத்தால் ஊதிக்கொள்ளும் ரப்பர்த் தொட்டி. ஆனால் அலை ஆள் உயரம் இருந்தது. தொட்டி ஒரு கணம் படகின் விளிம்புக்கு வரும், மறுகணம் ஆறடி கீழே போகும். அது மேலே வரும் கணத்தில் குதிக்க வேண்டும். நான் மிஸ்டர் லோர்னின் இடுப்பைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"என்னால குதிக்க முடியாதும்மா. அதை இப்பவே சொல்லிடறேன், அப்புறம் குழப்பம் வேண்டாம். எடித்தை இறக்கிடுங்க."

"உளறாத லோர்ன்," என்றார் மிஸ் எடித். "நாப்பத்தாறு வருஷமா நீ இல்லாம நான் பஸ்ல கூட ஏறுனதில்ல."

கர்லன் தலையைத் தூக்காமல் அடித்துக்கொண்டே இருந்தான். முதுகு முழுக்க வியர்வை. "வெனோ, நான் தாக்குப் பிடிக்கறேன், ஆனா குறையல. கை தளர்ந்தா ஏறிடும்."

உயிர்காப்புச் சட்டைகள் பின்பக்க இடது லாக்கரில் இருந்தன. அது இருக்கைக்கு அடியில் ஆள் இறங்கக்கூடிய ஆழப் பெட்டி. கர்லனின் ஐஸ் பெட்டியும் அதற்குள்தான். மூடியைத் திறந்து தலைகீழாகத் தொங்கிச் சட்டைகளை இழுத்தேன். மூன்றாவது சட்டை சிக்கிக்கொண்டது. சிக்கலை விடுவிக்கக் கையை நுழைத்தபோது, ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போகும் பம்ப் குழாய் மேல் கை பட்டது.

குழாய் சில்லென்று இருந்தது. உள்ளே தண்ணீர் ஓடும் அதிர்வு, ஒரு நரம்பைத் தொட்டதுபோல.

கையை எடுக்காமல் அப்படியே தொங்கினேன். பம்ப் எரிந்து கால் மணி நேரம் ஆகிறது. செத்த பம்பின் குழாயில் தண்ணீர் எப்படி ஓடும்?

தள்ளுபவன் இல்லாமல் தண்ணீர் ஓடுகிறது என்றால் அது கீழ்நோக்கித்தான் ஓடுகிறது. வெளியே இருந்து உள்ளே.

"கர்லன்! இந்தக் குழாயை நீ தொட்டியா?"

"எந்தக் குழாய்?"

"பம்ப் குழாய்! இது மேல்தளம் வரைக்கும் ஏறி வளைஞ்சு இறங்கும். இப்ப குட்டையா இருக்கு!"

கைப்பம்பின் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

"போன வாரம் வெட்டுனேன். ஐஸ் பெட்டி உள்ள போகல. அந்தக் குழாய் வெட்டியா மேல போயி, சுத்தி, கீழ வந்துச்சு. தண்ணிக்கு என்ன ஊர் சுத்திப் பாக்கணுமா? ஒரு முழம் எடுத்துட்டு நேரா மாட்டுனேன். நல்லாத்தானே ஓடுச்சு?"

நன்றாகத்தான் ஓடியது. அதுதான் சங்கடம். திறந்த படகில் வளர்ந்தவனுக்கு, தண்ணீரை வெளியேற்ற ஆகக் குறுகிய வழிதான் நல்ல வழி. கையால் அள்ளி விளிம்புக்கு மேலே வீசினால் அது திரும்பி வராது. எங்கள் படகிலோ துளை விளிம்புக்கு மேலே இல்லை, இடுப்பில் இருக்கிறது. படகு நேராக நின்றால் துளை கடலுக்கு ஒரு முழம் மேலே. இடது பக்கம் சாய்ந்தால் கடலுக்கு அடியில்.

எல்லாம் வரிசையாக வந்து நின்றது. தெற்கே போன நான்கு நாளும் காற்று இடது பக்கம் இருந்து வந்தது. படகு வலது பக்கம் சாய்ந்தது. துளை உயரத்தில் இருந்தது. இன்று திரும்பி வடக்கே வருகிறோம். ஐஸ் தண்ணீருக்காகப் பம்ப் ஒருமுறை ஓடியது, குழாய் நிறைந்தது, பம்ப் நின்றது. வெளிமுனை கடலுக்குள், உள்முனை அதைவிடத் தாழ்வாக அடிக்குழிக்குள், நடுவில் காற்றே இல்லாத குழாய். மண்ணெண்ணெய் டின்னில் குழாயை விட்டு வாயால் ஒருமுறை உறிஞ்சினால் அப்புறம் தானே ஓடுகிறதே, அதேதான். பம்ப் உறிஞ்சிக் கொடுத்தது. கடல் தானே ஓடி வந்தது. வந்த தண்ணீர் பம்பின் வாய் வழியாக, தண்ணீருக்கு அடியிலேயே, சத்தமில்லாமல் நுழைந்தது. அதனால்தான் எந்த இடத்திலும் ஓட்டம் தெரியவில்லை. கரைக்கு விரட்டுகிறோம் என்று பாயை இறுக்க இறுக்கத் துளை இன்னும் ஆழத்துக்குப் போனது. நாங்கள் ஓடியதே எங்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தது.

இது சரியென்றால். அடிப்பாரம்தான் கழன்றுகொண்டிருக்கிறது என்றால், நான் லாக்கரில் தொங்கிக்கொண்டு கடைசி நிமிடங்களைக் கணக்குப் போட்டு வீணாக்கிக்கொண்டிருந்தேன்.

"மிஸ்டர் லோர்ன், அந்தச் சிவப்புக் கயிறு, ஆமா அதுதான், ரெண்டு முழம் விடுங்க. முழுசா விடாதீங்க, படகு உருளும்."

அவர் விட்டார். பெரிய பாய் படபடத்தது. ஹெஸ்டர் பாதி நிமிர்ந்தது. குழாயின் வளைவு, குட்டையாக இருந்தாலும், இப்போது வெளிக்கடல் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கும் என்று கணக்கிட்டேன். துளை இன்னும் கடலுக்குள்தான். குழாய் இன்னும் என் விரலுக்குள் ஓடியது. இடுப்புக் கத்தியை உருவினேன்.

கர்லன் அதைப் பார்த்துவிட்டான். "என்ன பண்ற?"

"குழாயில ஓட்டை போடப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? ஒழுகற படகுல இன்னொரு ஓட்டையா?"

"உச்சியில போட்டா காத்து உள்ள போகும். காத்து போனா ஓட்டம் அறுந்துரும்."

"தண்ணி வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா என் கணக்கு தப்பு. நீ வேகமா அடி."

குழாயின் வளைவில் ஆக உயர்ந்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தேன். தாழ்ந்த இடத்தில் குத்தினால் தண்ணீர் பீறிட்டு என் முகத்தில் அடிக்கும். உயர்ந்த இடத்தில் குத்தினால் குழாய் காற்றை இழுக்கும். இரண்டுக்கும் நாலு விரல் வித்தியாசம். கத்தி முனையை வைத்து அழுத்தினேன். ரப்பர் எளிதில் விடவில்லை. இன்னும் அழுத்தினேன்.

உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், தூங்கி எழுந்தவன் மூச்சை இழுப்பதுபோல. கன்னத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை. குழாய்க்குள் கடகடவென்று எதுவோ இரண்டு பக்கமும் சரிந்தது. பிறகு என் உள்ளங்கைக்குள் அந்த அதிர்வு நின்றது. குழாய் வெறும் குழாயாக இருந்தது.

நான் வெளியே வரவில்லை. "எண்ணு," என்றேன்.

கர்லன் எண்ணி எண்ணி அடித்தான். நூறு. மிஸ் எடித் படிக்கட்டில் தலையை நீட்டிச் சமையலறைத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருநூறு. என் தலைக்கு ரத்தம் இறங்கிக் காது அடைத்தது. அடியில் இருந்து 'டக்' என்று ஏதாவது கேட்கிறதா, ஈயம் அசைகிறதா என்று உடம்பு முழுவதாலும் கேட்டுக்கொண்டிருந்தேன். முந்நூறு.

"செருப்பு நின்னுருச்சு," என்றார் மிஸ் எடித். "தரையில உக்காந்துருச்சு, கேப்டன்!"

நானூற்று அறுபதில் கைப்பம்ப் காற்றை உறிஞ்சிக் கரகரத்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி அடிக்குழிக்குள் முகத்தை விட்டேன். பதினோரு போல்ட் தலைகளும் வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி விரலால் தடவி, ஐந்து நிமிடம் காத்திருந்தேன். ஒன்றிலும் ஈரம் ஊறவில்லை. மேரோவில் தட்டியது மணல்தான்.

ரேடியோவில் காவல் படகைத் திரும்பச் சொன்னேன். பாயைத் தளர்வாகவே வைத்து மெதுவாக வீடு வந்தோம். அந்த நாலு மணி நேரமும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிப் போய்த் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தோம். போல்ட்டுகளைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒவ்வொரு அலைக்கும் எனக்குப் பல் கிட்டியது. கர்லன் கையைத் தூக்க முடியாமல் கிடந்தான்.

"அந்த ஒரு முழத்தை எங்க போட்ட?" என்று கேட்டேன்.

"கோழிக்கூண்டுக்குத் தண்ணி விட மாட்டுனேன்."

"கோழியாவது காஞ்ச எடத்துல இருக்கட்டும்."

மறுநாள் காலை கரையேறி, போர்ட் எலிசபெத் ஊரில் ஒரு புதுப் பம்பும் மூன்று மீட்டர் புதுக் குழாயும் வாங்கினோம். ஐஸ் பெட்டி சமையலறைக்குப் போனது. குழாயைப் பம்பில் இருந்து மேல்தளத்தின் அடிப்பக்கம் வரை ஏற்றி, அங்கே வளைத்துக் கட்டி, பிறகு இடது பக்கத் துளைக்கு இறக்கினோம். படகு எவ்வளவு சாய்ந்தாலும் அந்த வளைவு கடல் மட்டத்துக்கு மேலேயே இருக்கும். வளைவின் உச்சியில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டேன். பம்ப் ஓடும்போது அதில் இருந்து சில சொட்டு தெறித்து லாக்கருக்குள் விழும், விழட்டும். பம்ப் நின்றதும் அதன் வழியாகக் காற்று உள்ளே போகிறது, குழாயில் இருக்கும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் இறங்கிவிடுகிறது, கடல் திரும்பி வருவதில்லை.